கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது, பள்ளிப் புவியியல் வகுப்பில் நில அளவையைச் செய்முறையாகக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். கேட்டிருப்பவர் அநேகமாகப் புவியியல் ஆசிரியராகத்தான் இருப்பீர்கள். பாடமே இன்னும் முடியவில்லை, நாற்பது பிள்ளைகளை மைதானத்தில் விட்டால் யார் பொறுப்பு என்று மேலே யாராவது கேட்டிருப்பார்கள். பதினாறு வருடமாக இதே பாடம் எடுப்பவன் என்பதால் அந்த நெருக்கடி எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மைதானத்தைச் சுற்றி ஐந்து இடங்களில் குச்சி நட்டு, பிரிஸ்மாட்டிக் காம்பஸில் (குறிபார்த்துப் பாகை படிக்கும் திசைகாட்டி) திசைக்கோணமும், அதாவது வடக்கிலிருந்து எத்தனை பாகை என்பதும், டேப்பில் தூரமும் எடுக்கச் சொல்லியிருந்தேன். 1 சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் என்ற அளவில் வரைந்தார்கள். ஐந்தாவது கோடு தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர வேண்டும். ஒரு குழுவுக்குச் சேரவில்லை. 1 சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது தரையில் 5 மீட்டர். குழுவில் ஒரு பையன் ரப்பரை எடுத்துக் கடைசிக் கோட்டை அழித்துவிட்டு, நேராக இழுத்துப் புள்ளியோடு சேர்த்துவிட்டான். "இப்ப சரியா இருக்கு சார்" என்று தாளை நீட்டினான்.

எனக்குக் கோபம் வரவில்லை. கல்லூரியில் நானும் அதையேதான் செய்தேன். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. எங்கே தப்பியது என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அவனை உட்காரவைத்துக் களக்குறிப்பைத் திறக்கச் சொன்னேன். ஒரு கோட்டை இந்த முனையிலிருந்து பார்த்த கோணத்துக்கும் அந்த முனையிலிருந்து திரும்பிப் பார்த்த கோணத்துக்கும் 180 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். முதல் குச்சியிலிருந்து இரண்டாவது 62 பாகை. இரண்டாவதிலிருந்து திரும்பிப் பார்த்தால் 242 வர வேண்டும். 249 என்று எழுதியிருந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 151, ஆனால் மூன்றாவதிலிருந்து திரும்பிப் பார்த்தது 324. மற்ற கோடுகளெல்லாம் சரி. பையன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். அப்புறம் மைதானத்தைப் பார்த்தான். "சார், ரெண்டாவது குச்சி கோல் போஸ்ட்டை ஒட்டி இருக்கு."

இரும்புக் கம்பம் முள்ளை இழுத்திருக்கிறது. அந்த இடத்தில் எடுத்த எல்லாக் கோணத்திலும் 7 பாகை கூடுதல். 151-ஐ 144 ஆக்கி, இரண்டாவது புள்ளியிலிருந்து மறுபடி வரைந்தார்கள். இடைவெளி 2 மில்லிமீட்டராகச் சுருங்கியது. அதை அழிக்க வேண்டாம், அப்படியே விட்டு அளவை ஓரத்தில் எழுதுங்கள் என்றேன்.

இதைக் கைப்பேசி வரைபடம் சொல்லித்தராது. நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை, வகுப்பில் செயற்கைக்கோள் படமும் காட்டுகிறேன். ஆனால் சாதாரணக் கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். தன் கையால் 5 மீட்டர் பிழையைத் தேடிப் பிடித்தவனுக்கு, திரையில் நகரும் நீலப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். "எல்லாரும் சர்வேயர் ஆகப்போகிறார்களா" என்று சிலர் வருவார்கள். ஆக வேண்டியதில்லை. நிலப் பத்திரத்தில் இருக்கும் அளவைப் பார்த்து நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

கணக்கும் அங்கேதான் உயிர் பெறுகிறது. ஒரு ஏக்கர் ஏன் 43,560 சதுர அடி என்ற விசித்திர எண்ணாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எட்மண்ட் குந்தர் 1620-இல் கொண்டுவந்த அளவைச் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் என்றால் ஒரு ஏக்கர். 66-ஐ 660-ஆல் பெருக்கச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தைக் கெடுப்பது ரெக்கார்டு நோட்டு. போன வருடத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து, மூன்று வண்ணத்தில் கோடு போட்டு, அழகுக்கு மதிப்பெண் வாங்குகிறார்கள். சேற்றுக் கறை படிந்த, அடித்துத் திருத்திய களக்குறிப்பைக் கொண்டுவந்த ஒரு மாணவியின் மதிப்பெண்ணை "சுத்தமில்லை" என்று சொல்லிக் குறைத்தார்கள். அந்த வகுப்பில் உண்மையாக அளந்தவள் அவள்தான். பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

சரி, நீங்கள் தொடங்க வேண்டுமென்றால் காம்பஸ் கூட வேண்டாம். ஒரு கயிற்றில் பன்னிரண்டு சம பாகம் முடிச்சுப் போட்டு, 3, 4, 5 என்று மூன்று பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னால் செங்கோணம் கிடைக்கும். ஒரு டேப், நாலு குச்சி, இரண்டு பாடவேளை. சரிவான இடமாக இருந்தால் டேப்பைத் தரையோடு போடாமல் படிப்படியாகக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். 10 பாகைச் சரிவில் 30 மீட்டருக்கு ஏறக்குறைய அரை மீட்டர் தப்பிவிடும். முக்கியமாக, முதல் நாள் ரப்பர் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.