படிக்கட்டில் வரும் ‘கேஸ்’

கேள்வி: வயது 46. துறைமுகத்துக்கு சரக்கு அனுப்பும் கன்டெய்னர் யார்டில் இரண்டாம் ஷிப்ட். ராத்திரி பன்னிரண்டரைக்கு வெளியே வந்தால், விடிய விடியத் திறந்திருக்கும் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் பொங்கல், வடை, பூரி சூடாகக் கிடைக்கும். சாப்பிட்டு வந்ததும் படுத்துவிடுவேன். நான்கு மாதமாக நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், வயிற்று உப்புசம். முடியும் கொட்டுகிறது. ஸ்டேஷன் படி ஏறும்போதும் அதே எரிச்சல் வரும், நின்றால் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். காலை டிபனை ராத்திரியில் சாப்பிட்டால் இரைப்பையில் புற்றுநோய் வரும், அதனால்தான் அமெரிக்காவில் பத்தரை மணிக்கு மேல் காலை உணவு தரமாட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என் அப்பாவும் 52 வயதில் கேஸ் பிடித்துத் தூக்கத்திலேயே போய்விட்டார். பயமாக இருக்கிறது. (கடிதம் சுருக்கப்பட்டது.)
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் பொங்கலுக்கு ஒன்றரைப் பக்கம், படிக்கட்டுக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாப்பிட்டுப் படுத்ததும் வருகிற எரிச்சல் வேறு. படியேறும்போது வந்து, நின்றால் அடங்குகிற எரிச்சல் வேறு. இரைப்பையின் அமிலத்துக்கு ஸ்டேஷன் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதயத்துக்குத் தெரியும். படியேறும்போது அதற்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால் கேட்டது கிடைக்காது; வலிக்கும். நின்றால் தேவை குறையும், இரண்டு மூன்று நிமிடத்தில் வலியும் போகும். இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்பதில்லை. எரிச்சலாக வரும், பாரமாக வரும், தாடையில் வரும், சிலருக்கு மூச்சு வாங்குவது மட்டும்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மங்கலாக வரும். உணவுக் குழாயின் நரம்பும் இதயத்தின் நரம்பும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. மூளையே குழம்புகிற இடத்தில் நீங்கள் குழம்பியதில் தப்பில்லை. நான்கு மாதம் மாத்திரை போட்டு அதை மூடி வைத்ததுதான் தப்பு.

அடுத்து, அப்பா. கேஸ் பிடித்து யாரும் சாவதில்லை. 52 வயதில் தூக்கத்தில் போனவருக்குப் பெரும்பாலும் இதயம்தான் நின்றிருக்கும். அந்தக் காலத்தில் வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அதைக் குடும்ப வரலாறு என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். கடிதத்தின் கடைசியில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்களே, உங்களுக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருக்கிறது. பீடி, சிகரெட் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதாததால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த வாரமே ஸ்டான்லியிலோ உங்களுக்கு வசதியான வேறு மருத்துவமனையிலோ இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி, எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்), சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் நடக்கவைத்தே ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி ஆஞ்சைனா உள்ளவருக்கும் சுத்தமாக நார்மல் என்று வரலாம். அந்தச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அதுவரை எரிச்சல் வருகிறதா என்று பார்ப்பதற்காகப் படியேறிச் சோதிக்க வேண்டாம். சும்மா இருக்கும்போதே எரிச்சல் வந்தால், படியில் நின்ற பிறகும் அடங்காவிட்டால், வியர்த்துக் கொட்டினால், முன்னைவிடக் குறைந்த நடைக்கே வர ஆரம்பித்தால், 108. ஜெலுசில் குடித்து அரை மணி நேரம் பார்க்கலாம் என்பதெல்லாம் கூடாது. அந்த அரை மணி நேரத்தில் சாகிற இதயத் தசை திரும்ப வளராது.

இனி உங்கள் பொங்கல். ஹவுஸ் சர்ஜன் நாட்களில் நள்ளிரவு இட்லியைத் தின்றே பிழைத்தவன் நான். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலத்துக்கு நிற்பவர்கள் எந்த வேளைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம் என்று யோசிப்பதில்லை. காலை டிபன், ராத்திரி டிபன் என்று இரைப்பை பெயர் வைத்துப் பிரிப்பதில்லை. புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த வீடியோக்காரர் சொன்ன அமெரிக்கக் கதையும் அரைகுறை. அங்கே மெக்டொனால்ட்ஸ் காலை உணவைப் பத்தரைக்கு நிறுத்தியது சமையலறையின் தொல்லையால். முட்டையும் பர்கரும் ஒரே கல்லில் ஒரே சூட்டில் வேகாது. 2015 அக்டோபரில் நாள் முழுக்கக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் மெனுவைச் சுருக்குவதற்காக நிறுத்தினார்கள். இரைப்பையை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

ஆனால் படுத்ததும் வருகிற எரிச்சலுக்கும் புளிச்ச ஏப்பத்துக்கும் அந்தக் கடைதான் காரணம். நெய்ப் பொங்கலும் எண்ணெய் குடித்த வடையும் இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். அது இறங்குவதற்குள் படுத்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். ஷிப்டின் நடுவிலேயே, எட்டு ஒன்பது மணிக்குள், வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரி பசித்தால் இரண்டு இட்லி சாம்பார் போதும். இன்னொரு விஷயமும் உண்டு: காலையில் தின்னும் அதே பொங்கல் நள்ளிரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும், அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைச் சமாளிப்பதில் மந்தமாகிவிடுகிறது. வருடக்கணக்காக இப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். விழுங்கும்போது அடைப்பது, மலம் தார்போல் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது.

முடி கொட்டுவதற்கு இப்போது பதில் கிடையாது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “கேஸ் சார்” என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் கூட்டத்தில் அவரும் கேஸ் மாத்திரையே எழுதிவிடக்கூடும். “படியேறினால் நெஞ்சு எரியுது, நின்னா போயிடுது, அப்பா 52-ல் தூக்கத்தில் போயிட்டார்.” முதலில் இதைச் சொல்லுங்கள். வீட்டம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போங்கள்.