குளிருக்கு மிளகாய்ச் செடிய கவாத்து பண்ணி அடுத்த சீசனுக்கு காப்பாத்தலாமா?

கேள்வி: தொட்டியில நாலு மிளகாய்ச் செடி இருக்கு, குளிர் ஆரம்பிச்சிடுச்சு. போன வருஷம் அப்படியே வீட்டுக்குள்ள வச்சு ரெண்டு நாளைக்கு ஒருதடவை தண்ணி ஊத்தினேன், பூச்சி புடிச்சு ஒரே மாசத்துல செத்துப்போச்சு. இந்த தடவை வெட்டி விடணுமா, எவ்ளோ வெட்டணும்?

பதில்: தாராளமா காப்பாத்தலாம்ங்க. மிளகாய் பல வருஷம் வாழக்கூடிய செடிதான், உறைபனி பட்டாதான் தாங்காது. ராத்திரி 10 டிகிரி கிட்ட இறங்க ஆரம்பிச்சதும் உள்ள எடுத்துடுங்க.

போன வருஷம் நீங்க இலையோட கொண்டு வந்ததுதான் முதல் பிரச்சனை. ஒரு இலைய திருப்பி பாருங்க, நரம்போரமா குட்டி குட்டியா பச்சையா ஒட்டிட்டு இருக்கும், அது அசுவினி. வெளிய பொறிவண்டு தின்னு அடக்கி வச்சிருக்கும், வீட்டுக்குள்ள அதுக்கு எதிரியே இல்லாததால பெருகிடுது. அதனால காய், பூ, இலை எதையும் விடாதீங்க. தண்டு முதல்ல ரெண்டா பிரியற கவட்டை இருக்குல்ல, அதுக்கு மேல ஒவ்வொரு கிளையிலயும் ரெண்டு மூணு கணு மட்டும் விட்டுட்டு மிச்சத்த வெட்டிடுங்க. மொட்டையா நிக்கறத பாத்தா மனசு கேக்காது, பரவால்ல வெட்டுங்க, துளிர் அந்த கணுவுலதான் வரும். கத்தரிய ஸ்பிரிட்ல தொடச்சுக்கோங்க. இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்து வைரஸ் மாதிரி தெரியற செடிய மட்டும் வச்சுக்காதீங்க, அது கவாத்துல சரியாகாது.

அடுத்தது தண்ணி, நிறைய செடி சாகறது இதுலதான். இலை இல்லாத செடி ரொம்ப கம்மியாதான் தண்ணி குடிக்கும், நிறைய ஊத்தினா வேர் அழுகிடும். 10லேர்ந்து 15 டிகிரி இருக்கற எடத்துல வச்சு, விரல விட்டு பாத்து மண் நல்லா காஞ்சிருந்தா மட்டும் ஒரு டம்ளர் ஊத்துங்க, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதடவை போதும். உரம் வேணவே வேணாம்.

நடுவுல கிளை நுனி காஞ்சா பயப்படாதீங்க, நகத்தால தோல லேசா கீறி பாருங்க, உள்ள பச்சையா ஈரமா இருந்தா உசிரு இருக்கு, பழுப்பா இருந்தா பச்சை தெரியற வரைக்கும் வெட்டி இறக்குங்க.

கடைசி உறைபனிக்கு ஒரு மாசம் முன்னாடி வெளிச்சமும் சூடும் இருக்கற எடத்துக்கு மாத்தி, புது மண்கலவை போட்டு, துளிர் வந்தப்புறம் உரம் ஆரம்பிங்க. வெளிய வைக்கறப்ப எடுத்த எடுப்புல வெயில்ல வச்சா துளிர் வெளுத்து கருகிடும், மொத நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி பத்து நாள்ல முழு வெயிலுக்கு கொண்டு வாங்க.