ஒரே ஸ்டீராய்டு இன்ஹேலர் இருவருக்கு வெவ்வேறாக வேலை செய்வதற்கு மரபணு காரணமா?

ஓரளவுக்குக் காரணம்தான். ஆனால், மருந்தியல் கற்பிப்பவன் என்ற முறையிலும் சிறுவயது முதல் ஆஸ்துமா உள்ளவன் என்ற முறையிலும், அந்த அளவை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை.

புளூட்டிகசோன் என்ற இன்ஹேலர் ஸ்டீராய்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உறிஞ்சும் மருந்தில் கணிசமான பங்கு தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போகிறது. அப்படி விழுங்கப்பட்டதைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுவதால், அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இரத்தத்தை அடைகிறது. நுரையீரல் வழியே நுழைந்த பங்கோ நேரடியாக இரத்தத்தில் கலந்த பின்னரே கல்லீரலுக்கு வருகிறது. சிதைக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது சிஒய்பி3ஏ4 என்னும் நொதி. இதன் மரபணுவில் 22 என்ற எண்ணால் குறிக்கப்படும் மாற்றுரு இருந்தால் நொதியின் வேகம் குறைகிறது. அத்தகைய குழந்தைகளுக்குப் புளூட்டிகசோனால் ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்பட்டதாக 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இந்த மாற்றுரு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமே காணப்படுகிறது என்பதால், நம்மவர்களிடையே உள்ள வேறுபாட்டை இதை வைத்து விளக்கிவிட முடியாது.

மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமாலின் கதை வேறு. அது பற்றிக்கொண்டு செயல்படும் பீட்டா-2 ஏற்பி என்ற புரதத்தின் 16ஆம் இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் சிலருக்குக் கிளைசின் என்ற அமினோ அமிலமும் இருக்கும். தினமும் தவறாமல் சால்பியூட்டமால் எடுத்தபோது, இரு பெற்றோரிடமிருந்தும் ஆர்ஜினின் வடிவம் பெற்றவர்களின் காலைநேர ஊதுவேகம் (மூச்சை வெளியே ஊதும் உச்ச வேகம்) மருந்தற்ற காலத்தைவிடக் குறைந்திருந்ததை 2004ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. ஆனால் 2009இல் அதே வகையைச் சேர்ந்த, நீண்ட நேரம் வேலை செய்யும் சால்மெட்டராலை ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோது இரு பிரிவினரின் ஊதுவேகமும் ஒரே மாதிரி மேம்பட்டது. வழக்கமான சிகிச்சையில் இன்ஹேலரைத் தேர்ந்தெடுக்க மரபணுச் சோதனை பயன்படாததற்கு இத்தகைய முடிவுகளும் ஒரு காரணம்.

மரபணுவைவிட நான் அஞ்சுவது உடன் எடுக்கும் மாத்திரைகளைத்தான். எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிர், நம் ஊரில் படர்தாமரைக்குத் தாராளமாக எழுதப்படும் இட்ராகோனசோல் ஆகியவை இதே நொதியை முடக்குகின்றன. பரம்பரையாக வந்த மெதுவான நொதியைவிடப் பன்மடங்கு அதிகமாக ஸ்டீராய்டு உடலில் தேங்குவதால், ஸ்டீராய்டை இன்ஹேலர் வழியாக மட்டுமே எடுப்பவருக்குக்கூட முகம் உப்பி, அட்ரினல் சுரப்பி ஒடுங்கும் குஷிங் நோய்க்குறி வந்திருக்கிறது. ரிட்டோனாவிரைத் தவிர்க்க முடியாதவர்களை, இந்த நொதியை அவ்வளவாகச் சாராத இன்னொரு இன்ஹேலர் ஸ்டீராய்டான பெக்லோமெத்தசோனுக்கு மருத்துவர்கள் மாற்றுவது இதனால்தான்.