கரண்ட் கேள்விகள்: பூட்டு ஒன்று, சாவி யாரிடம்?

(கட்டட வேலைகளில் மின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தளம் போட்ட அன்று, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்த பையனுக்கு ஷாக் அடித்தது. மேஸ்திரியைக் கேட்டால், "எம்.சி.பி. போட்டிருக்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, காரைக்குடி

நம்பாதீர்கள் அம்மா. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. எம்.சி.பி. எதைக் காப்பாற்றுகிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அது, கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்; ஒயருக்குக் காவல். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமென்றால் அதற்கு மேல் கரண்ட் ஓட வேண்டும். ஈரக் கான்கிரீட்டில் நிற்கிறவரின் உடம்புத் தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியாக ஓடுவது 0.23 ஆம்பியர்தான். எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி. ஆளை முடிக்க அது தாராளம்.

நீங்கள் வாங்க வேண்டியது, கரண்ட் ஆள் வழியாகத் தரைக்குக் கசிந்தால் சப்ளையை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கடையில் ஈ.எல்.சி.பி. என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். 100, 300 மில்லி ஆம்பியரிலும் வரும். அவை ஆளைக் காக்கப் போதாது, கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். மாட்டிய பிறகு, தினமும் வேலை தொடங்கும் முன் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். விழவில்லையென்றால் அன்று மிஷின் ஓடக் கூடாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று ஒருவர் பிடித்துவிட்டால், கரண்ட் தரைக்குக் கசியாததால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது.

அப்படியே அந்த வைப்ரேட்டர் ஒயரின் முனையையும் பாருங்கள். பிளக் டாப்பே இல்லாமல், இரண்டு ஒயரைச் சீவி சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி சொருகி இறுக்கியிருப்பார்கள். எர்த் ஒயரை வெட்டி மடக்கிவிட்டிருப்பார்கள். பையனுக்கு ஷாக் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட்டின் மிக்சருக்குள் ஆள் இறங்கி, காய்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுக்கும்போது, எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கி, மெயினையும் ஆஃப் செய்து, பேனல் அருகில் ஒருவரைக் காவல் வைக்கிறோம். ஆளுக்கொரு பூட்டு வாங்கச் சொல்கிறார் சேஃப்டி ஆபீசர். தேவையா?
– சைட் இன்ஜினியர், ஒரகடம்

தேவை தம்பி. காவலுக்கு வைத்தவர் டீ குடிக்கப் போவார். போன் வந்தால் நிழல் தேடி நகர்வார். அந்த நேரம் பார்த்து ஆபரேட்டர் வந்து, "யாருடா மெயினை ஆஃப் பண்ணது?" என்று ஏற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன?

எமர்ஜென்சி ஸ்டாப், மிஷினுக்குக் கட்டளை கொடுக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் வெட்டும். பவர், மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்சான காண்டாக்டர் வரை வந்து நிற்கும். சப்ளையையே துண்டிக்கும் சுவிட்ச்சான ஐசோலேட்டரை இறக்கி, அதன் கைப்பிடி ஓட்டையில் பூட்டுப் போட வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. பல பூட்டு மாட்டும் ஹாஸ்ப் என்ற இரும்புக் கிளிப் கடையில் கிடைக்கிறது. சாவி அவரவர் பையில். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை மிஷின் ஓடாது. ஆபீஸில் மாற்றுச்சாவிக் கொத்து தொங்குகிறதென்றால் பூட்டுக்கு அர்த்தமே இல்லை. ஈ.பி. லைன்மேன், லைனை நிறுத்தியாயிற்று என்ற எல்.சி. அனுமதியை வாங்கி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகுதானே கம்பியைத் தொட வேண்டும்? உங்கள் சைட்டுக்கும் அதே நியாயம்தான்.

ஜெனரேட்டர் ஆட்டோவில் இருந்தால் இன்னொரு வம்பு. ஈ.பி. மெயினை நீங்கள் இறக்கினால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, சில நொடியில் அதுவே ஸ்டார்ட் ஆகி மிக்சருக்குச் சப்ளை கொடுக்கும். இது பல இன்ஜினியர்களுக்கே உறைப்பதில்லை. அதனால் ஈ.பி.யானாலும் ஜெனரேட்டரானாலும் வருகிற பாதையை மிக்சரின் சொந்த ஐசோலேட்டரில் வெட்டுங்கள்.

கரண்ட்டோடு முடிந்துவிடவில்லை. கலந்த கான்கிரீட்டை வெளியே விடும் டிஸ்சார்ஜ் கேட் காற்றழுத்த சிலிண்டரில் ஓடுகிறதென்றால், பேனலைப் பூட்டிய பிறகும் அதில் காற்று நிற்கும். வால்வை மூடி, காற்றை இறக்கிவிட்டு, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பாருங்கள். ஜல்லி, மணலை மிக்சருக்குத் தூக்கும் ஸ்கிப் பக்கெட் மேலே கயிற்றில் தொங்க, கீழே குழியில் ஒருவர் மண் அள்ளுவதை நிறைய பிளான்ட்டுகளில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே வயிறு கலங்கும். பிரேக்கை நம்பாதீர்கள். பக்கெட்டைத் தரைக்கு இறக்குங்கள், முடியாவிட்டால் லாக் பின்னைச் சொருகுங்கள். எல்லாம் முடிந்து, ஆள் இறங்குவதற்கு முன், ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அசையக் கூடாது.

மாடி பால்கனிக்கு எதிரே 11 கே.வி. லைன் போகிறது. லைன் கம்பியில் பி.வி.சி. பைப் மாட்டிக்கொண்டு வேலை செய்யலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?
– வாசகர், சேலம்

கூடாது. அந்தப் பைப் தண்ணீருக்கானது; 11,000 வோல்ட்டைத் தாங்கச் செய்ததல்ல. விதிப்படி 11 கே.வி. கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே போனால் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். இது கட்டடத்துக்கான கணக்கு. கம்பி கட்டுகிறவர் தோளில் இருப்பது 12 மீட்டர் நீள முறுக்குக் கம்பி. அவர் திரும்பும்போது அதன் மறுமுனை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. முறுக்குக் கம்பியைக் கீழேயே வெட்டி, லைன் இல்லாத பக்கமாக ஏற்றச் சொல்லுங்கள். லைனை மாற்றியமைக்க ஈ.பி. ஆபீஸில் எழுதிக்கொடுங்கள். செலவு உங்களுடையதுதான்; பால்கனியை முன்னால் இழுத்தவரும் நீங்கள்தானே.

டெஸ்டர் எரியவில்லை என்றால் லைனில் கரண்ட் இல்லை என்றுதானே அர்த்தம்?
– எலக்ட்ரீஷியன், திருச்சி

இல்லை. நியான் டெஸ்டர் உங்கள் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. ரப்பர் ஷூ, காய்ந்த பலகை என்று நின்றால் மங்கும். மொட்டை வெயிலில் எரிந்தாலும் தெரியாது. மீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைத்துக்கொண்டு, முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் காட்டுங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில், மூன்று ஃபேஸையும் தனித்தனியாக. மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் ஒரு தடவை, ஏனென்றால் நடுவில் மீட்டரே செத்துப்போயிருக்கலாம்.