டீச்சர் பதில்கள்: வெளிநாட்டுப் பிள்ளைகள் வாற மாதம்

ஆனி பிறந்தால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி ஒரே விஷயம்தான்: "சுவிஸில இருந்து வாறாங்க, லண்டனில இருந்து வாறாங்க, என்ன டீச்சர் செய்யிறது?" இந்த முறை இங்கிருந்து அங்கே போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே வேலிச் சண்டை, மாமியார் சண்டை எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: என் தங்கச்சி குடும்பம் ஜூலை நடுவில் சூரிச்சில் இருந்து வருகிறது. பிள்ளைகளுக்கு 12 வயதும் 9 வயதும். வேன் பிடித்து அறுகம்பே, திருகோணமலை, கண்டி, நுவரெலியா என்று போக நினைத்திருக்கிறோம். போன முறையும் இப்படித்தான் போனோம். பிள்ளைகள் வேனுக்குள் போனையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இந்த முறை என்ன செய்தால் பிடிக்கும்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: முதல் வேலையாக வேன்காரருக்குக் கோல் எடுத்து, கேட்ட நாட்களில் பாதியைக் குறையுங்கள் மகள். மலையும் குளிரும் பார்த்துச் சலித்த பிள்ளைகளை நுவரெலியாவுக்கு ஏற்றிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அது அவங்களுக்கு இல்லை, உங்களுக்கு. உங்களுக்குப் போக ஆசை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், தனியாகப் போய் வாங்க.

அந்தப் பிள்ளைகளுக்குச் சூரிச்சில் கிடைக்காதது மச்சான் மச்சாள்தான். ஆனால் இங்கேயும் கிடைக்கிறார்களா? சூரிச்சில் கோடை லீவு ஐந்து கிழமை, ஜூலை நடுவில் தொடங்கும். எங்கட பிள்ளைகளுக்கு ஆகஸ்டில்தான் லீவு. அதுவரைக்கும் பகல் ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், சோற்றைத் தின்றுவிட்டு மூன்று மணிக்கு டியூஷனுக்கு ஓடும். வந்த பிள்ளை யாரோடு விளையாடுவது? போனோடுதான். எனவே உங்கள் பிள்ளைகளின் டியூஷனை இரண்டு கிழமைக்கு நிறுத்துங்கள். கணக்கு மாஸ்டர் என்னில் கோபிப்பார், பரவாயில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பிறகு ஆளுக்கொரு சைக்கிள் ஒழுங்கு பண்ணுங்கள், பழையது போதும். விடிய ஆறு மணிக்குக் குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவைப் படகில்) ஏறி, சைக்கிளோடு அக்கரைக்கு இறங்கட்டும். மண்டூர் முருகன் கோயிலடியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வயல் வழியே சுற்றி வரலாம். படுவான்கரையில் மழையை நம்பி விதைக்கிற வயல்கள் இந்த மாதங்களில் சும்மாதான் கிடக்கும், அதில் கிரிக்கெட்டோ எல்லேயோ நடக்கும். சுவிஸ் பிள்ளைக்குக் கிரிக்கெட் தெரியாது. தெரியாமல் நின்று அவுட் ஆகிச் சண்டை பிடிக்கட்டும், அதுதான் லீவு.

நேரத்தைக் கவனியுங்கள். இது கச்சான் காற்றுக் காலம். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சுட்டுக்கொண்டு நம்மேல் இறங்குகிற காற்று. பத்து மணிக்கு மேல் வெளியில் நின்றால் எங்களுக்கே தலை சுற்றும். காலை ஆறு தொடக்கம் ஒன்பதரை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. நடுவில் மரநிழல், பாய், நித்திரை. வேப்பமரத்துக்குக் கீழே பாயைப் போட்டு ஒரு பை பாலைப்பழத்தை வைத்தால் போனை எடுக்க ஏலாது, விரல் முழுக்கப் பால் ஒட்டும்.

தூரப் பயணம் ஒன்று வேண்டுமென்றால் இங்கினியாகலைக்குப் போங்கள். சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் வைத்துக் காட்டு யானையைப் பார்க்கலாம். அங்குள்ள யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகிறவை, ஆனால் வாக்குக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், யானை யாருக்கும் அப்பொயின்ட்மென்ற் கொடுப்பதில்லை. மூத்த பிள்ளைக்கு அலைச்சறுக்குப் பலகையில் நிற்க ஆசை இருந்தால் அறுகம்பேயையும் வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை அங்கே அலை நல்லது. பழகிறவர்கள் நிற்பது பேபி பொயின்ற்றில். பெரிய அலைப்பக்கம் கிட்டவும் விடவேண்டாம்.

கேள்வி: அண்ணாவின் பிள்ளைகள் பேர்ணில் இருந்து வருகிறார்கள். இருவரும் மீன் மாதிரி நீந்துவார்கள். ஆனால் அம்மா "கடல்பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது" என்று ஒரே பிடி. 2004 சுனாமிக்குப் பிறகு அவ கடலை எட்டியும் பார்த்ததில்லை. கடலும் வாவியும் இரண்டு பக்கம் இருக்கிற ஊரில் பிள்ளைகளை எப்படிக் கட்டி வைப்பது? கடல் வேண்டாம் என்றால் வாவியில் இறக்கலாமா?
– வாசகர், பெரிய கல்லாறு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வாவியில் இறக்காதீர்கள். அதில் முதலை இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பேர்ண் பிள்ளைக்குத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மகளும் பேர்ணில்தான் இருக்கிறாள். கோடையில் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். ஆறே என்ற ஆறு ஊருக்கு நடுவால் பச்சை நிறத்தில் ஓடும். வேலை முடிந்த ஆட்கள் உடுப்பைத் தண்ணீர் போகாத பையில் போட்டுக் கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்து, இழுவையோடு மிதந்து போய்க் கீழே கரையேறுவார்கள். பேரப்பிள்ளைகளும் அப்படித்தான். நான் கரையால் செருப்புகளைக் காவிக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தப் பிள்ளைகளுடைய கண்ணுக்கு ஆடாத தண்ணீர் என்றால் குளிக்கிற தண்ணீர். கல்லாற்று வாவியைப் பார்த்தால் மத்தியானத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒருவரையும் கேட்காமல் இறங்கிவிடுவார்கள். வந்த அன்றே, பெட்டி திறக்க முன்னம், முதலைக் கதையைச் சொல்லிவிடுங்கள். மிகைப்படுத்தியும் சொல்லலாம், நான் கோபிக்கமாட்டேன்.

அடுத்தது கடல். கல்லாறு, கல்லடிப் பக்கக் கடல் கரையோடேயே ஆழம், இழுவையும் உண்டு. ஆற்றில் நீந்துகிற பிள்ளைக்கு அலை பழக்கமில்லை. அம்மாவின் பயத்தை ஒரு பக்கம் வைத்தாலும் அவ சொல்வதில் நியாயம் இருக்கிறது. குளிக்கத்தான் வேண்டும் என்றால் வாழைச்சேனை தாண்டிப் பாசிக்குடாவுக்குக் கொண்டுபோங்கள். இந்த மாதங்களில் அந்தக் குடா தூங்குகிற கடல். எவ்வளவோ தூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். அப்படியென்றாலும் ஒரு பெரிய ஆள் தண்ணீருக்குள் கூட நிற்கவேண்டும்.

அம்மாவோடு வாதாடவேண்டாம். 26.12.2004 அன்று நாவலடி, கல்லடி தொடக்கம் கல்முனை, மருதமுனை வரை இந்தக் கரையில் நடந்ததைப் பார்த்த ஒருவரிடம் "இப்ப ஒண்டும் வராது அம்மா" என்று சொல்வது எடுபடாது. பாசிக்குடாவுக்கு வாறாவா என்று ஒருதரம் கேளுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு அவ ஏன் பயப்படுகிறா என்பது தெரிந்திருக்கவேண்டும். 12, 13 வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். அண்ணா சொல்லட்டும், அவங்களுக்கு எந்த மொழியில் நன்றாக விளங்குமோ அந்த மொழியில். அம்மாவைக் கொண்டு சொல்விக்காதீர்கள்.

கேள்வி: சுவிஸில் இருந்து வந்திருக்கிற என் நாத்தனாரின் பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மன்தான் கதைக்கிறார்கள். அத்தைக்கு அது அவமரியாதையாகப் படுகிறது. தமிழில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். இந்த ஒரு மாதத்தில் அவர்களுக்குத் தமிழ் வர என்ன வழி?
– வாசகி, தம்பிலுவில்

பதில்: அக்காவும் தம்பியும் தங்களுக்குள் எந்த மொழியில் சண்டை பிடித்தால் உங்களுக்கென்ன? அதை அவங்களுக்கு விட்டுவிடுங்கள். அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: விளையாட்டு இடத்தில் சுவிஸ் ஜெர்மன், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வேறு ஜெர்மன், அதற்கு மேல் பிரெஞ்சும் இங்கிலீசும், கிழமைக் கடைசியில் தமிழ் வகுப்பு. இத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிகிற பிள்ளையை "தமிழ் தெரியாத பிள்ளை" என்று சொல்வது அநியாயம்.

ஒற்றைச் சொல்லில் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாங்கள்தான். விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி "எங்க, தமிழில ஒரு பாட்டுப் பாடு பாப்பம்" என்பது. பிள்ளை பிழையாகச் சொன்னால் சிரித்து, போனில் பிடித்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவது. உங்கள் வீட்டிலும் இதை ஒரு மாமா செய்வார், செய்யாத வீடு இந்த மாவட்டத்தில் இல்லை. அவரை நிறுத்துங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. அம்மம்மா கேட்பா, தாய் அதை ஜெர்மனில் திருப்பிச் சொல்வா, பிள்ளை ஜெர்மனில் பதில் சொல்லும், தாய் அதைத் தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்வா. தாய் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு வாய் திறக்கத் தேவையே இல்லை. நாத்தனாரை ஒரு நாள் முழுக்க வெளியில் அனுப்புங்கள். அக்கரைப்பற்றில் சீலை எடுக்கட்டும், கூட்டாளிமாரைப் பார்க்கட்டும். அம்மம்மாவும் பிள்ளைகளும் மட்டும் வீட்டில். பசித்தால் கேட்கத்தான் வேண்டும். பிட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போட விடுங்கள், குழல் சுட்டால் எந்த மொழியில் கத்துகிறார்கள் என்று பார்க்கலாம். கடைக்கு அனுப்பும்போது சீட்டு எழுதிக் கொடுக்காதீர்கள், வாயால் சொல்லி அனுப்புங்கள். ஒரு தூளுக்குப் பதில் வேறு தூள் மாறி வந்தால் ஒன்றும் குடி முழுகாது.

ஒரு மாதத்தில் தமிழ் வருமா என்று கேட்டீர்கள். சரளமாக வராது. அடுத்த முறை வரும்போது தாங்களாகவே ஓடிப்போய்க் கடையில் கேட்பார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

கேள்வி: நானும் மனைவியும் ஒஸ்லோவில் இருக்கும் மகனிடம் போகிறோம். ஜூன் நல்லதா, ஜூலை நல்லதா? இரவே வராதாமே, எப்படித் தூங்குவது? மகன் ஞாயிறு என்றால் குடும்பத்தோடு காட்டுக்குப் போவதாகச் சொல்கிறார். யாருடைய காடு, கேட்காமல் போகலாமா?
– வாசகர், நிந்தவூர்

பதில்: ஜூலைக்குப் போங்கள். நோர்வேயில் பலர் வருட லீவை எடுப்பது அந்த மாதத்தில்தான். ஜூனில் போனால் மகனும் மருமகளும் வேலைக்குப் போக, நீங்கள் இருவரும் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

இரவே வராதது வடக்கே, ட்ரொம்சோ பக்கம். ஒஸ்லோவில் இரவு வரும், ஆனால் பிந்தி வந்து கெதியில் போய்விடும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்தேமுக்கால், உதிக்க விடிய நாலு மணிக்குச் சற்று முன். கறுப்புத் திரைச்சீலை போடச் சொல்லுங்கள். தொழுகை நேரத்துக்கு அங்குள்ள பள்ளிவாசலின் அட்டவணையைக் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கத்தைக் கணக்கு உதவாது.

காடு விஷயத்தில் பயப்படத் தேவையில்லை. வயலும் வீட்டு வளவும் தவிர்ந்த திறந்த வெளியில், உரிமையாளர் யாராக இருந்தாலும், எவரும் நடக்கலாம், இருக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் அது. வேலி போடுவதற்கே வழக்குப் பேசுகிற நமக்கு நம்பக் கஷ்டம்தான். சொங்ஸ்வான் ஏரிக்கு நகர ரயிலே போகும், அங்கிருந்து காடு தொடங்குகிறது. ஜூலைக் கடைசியில் புளூபெரி பழுக்கும். முழங்கால் உயரச் செடி, குனிந்து பறிக்கவேண்டும், இடுப்புக்குச் சொல்லி வையுங்கள். வாயும் விரலும் நாவற்பழம் தின்ற மாதிரி ஆகும். காளான் பக்கம் கை வைக்காதீர்கள். காட்டிலும் காட்டோரத்திலும் ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நெருப்பு மூட்டத் தடை. திரும்பி வந்ததும் காலில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நடக்க ஏலாத நாளில் துறைமுகத்தில் படகு ஏறி எதிரே உள்ள தீவுகளுக்குப் போகலாம், நகர பஸ் டிக்கெட்டே செல்லும். மழைச்சட்டை ஒன்று கட்டாயம். கோடை என்று நம்பிப் போனால் நனைவீர்கள்.

கேள்வி: அம்மாவை அடுத்த கோடைக்குச் சுவிஸுக்கு எடுக்க அக்கா விரும்புகிறா. விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன். ஆனால் கடைசி நேரம் வரை இருக்காதீர்கள். 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். அம்மாவிடம் போதிய பணம் காட்ட இல்லை என்றால் அக்காவிடம் 30,000 பிராங்குக்கு உத்தரவாதப் பத்திரம் கேட்பார்கள். கைரேகைக்கு அம்மாவே கொழும்புக்குப் போகவேண்டும். இரவு பஸ்ஸில் இருத்தி இழுத்துக்கொண்டு போய் விடிய வரிசையில் நிறுத்தாதீர்கள். முதல் நாளே போய்ப் படுத்து எழும்புங்கள்.

கேள்வி: திரும்பிப் போகும்போது மருமகன் மாம்பழம், கறிவேப்பிலை, தயிர், கருவாடு எல்லாம் கேட்கிறார். சுவிஸ் விமான நிலையத்தில் விடுவார்களா?
– வாசகி, மட்டக்களப்பு நகர்

பதில்: தயிர்ச்சட்டியை இங்கேயே முடிக்கச் சொல்லுங்கள், பால், இறைச்சிச் சாமான் ஒன்றும் விடமாட்டார்கள். மாம்பழமும் கறிவேப்பிலையும் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. அது இல்லாமல் போகக்கூடிய பழங்கள் ஐந்துதான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன். கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம், குடல் எடுத்ததாக இருக்கவேண்டும். மூன்று பையில் சுற்றி, வேறொருவருடைய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.