பீனிக்ஸுக்கு வரும் தம்பிக்கு, ஒரு கையெழுத்தைப் பற்றி

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அரிசோனாவின் பீனிக்ஸில் வாடகை எவ்வளவு, பழைய கார் வாங்கலாமா, அதிபர் ஒரே கையெழுத்தில் விசா விதியை மாற்றிவிட முடியுமா. கூடவே "நல்ல அதிபர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்தானே அண்ணா" என்று ஒரு வரி. வாடகையை இணையத்தில் பாருங்கள், என் கணக்கு பழசு. கார் வாங்குங்கள், ஏசியை மட்டும் மத்தியான வெயிலில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் வந்தது 2001-ல். நான்காம் மாதமே ப்ராஜெக்ட் போய்விட்டது. கூட்டிவந்த கன்சல்டன்சி சம்பளம் தராமல் பெஞ்சில் உட்கார வைத்தது. அது சட்டப்படி தவறு, தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம் என்பதுகூட அப்போது தெரியாது. உங்களுக்கு அப்படி நடந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். நாலு பேர் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தோம், புளி தீர்ந்த அன்று தக்காளி கெட்ச்சப்பைக் கரைத்து ரசம் வைத்தோம். ராத்திரி முழுக்க ஒரே பேச்சு: மேலே இருக்கிறவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நமக்கு விடிந்துவிடும். பகலில் போக்கிடம் இல்லாமல் நூலகத்தில் போய் உட்காருவேன், அங்கே ஏசி இலவசம். அங்கேதான் தியோடர் ரூஸ்வெல்ட்டைப் படித்தேன்.

அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததால் 1901-ல், 42 வயதில் அதிபரானவர். நல்லது செய்ய வந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத எதையும் மக்களுக்காக அதிபர் செய்யலாம் என்பது அவர் வாதம். சட்டம் கொடுத்தால்தான் அதிகாரம் என்றார் அவருக்குப் பின் வந்த டாஃப்ட். 1902 நிலக்கரி வேலைநிறுத்தத்தில் சுரங்க முதலாளிகள் இறங்கி வராதபோது, ராணுவத்தை அனுப்பிச் சுரங்கத்தை நானே நடத்துகிறேன் என்று கிளம்பினார். அதற்கு எந்தச் சட்டமும் இல்லை. முதலாளிகள் பயந்து வழிக்கு வந்தார்கள்.

1907-ல் நடந்தது இன்னும் ருசி. மேற்கே ஆறு மாநிலங்களில் தங்கள் அனுமதி இல்லாமல் அதிபர் புதுக் காப்புக்காடு அறிவிக்கக் கூடாது என்று, காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) ஒரு நிதி மசோதாவில் ஒரு வரியைச் செருகி அனுப்பினார்கள். அதை நிராகரித்தால் வனத்துறைக்குக் காசு இல்லை. கையெழுத்திட மார்ச் 4 வரை அவகாசம். வனத்துறைத் தலைவர் பின்ஷோவும் குமாஸ்தாக்களும் ராப்பகலாக வரைபடம் போட்டார்கள். ரூஸ்வெல்ட் 1 கோடியே 60 லட்சம் ஏக்கரைக் காடாக அறிவித்து முடித்துவிட்டு, அப்புறம் அந்த மசோதாவிலும் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டு நூலகத்திலேயே சிரித்தேன்.

ஆனால் அதே பேனா தம்பி. அதே 1907 மார்ச்சில், ஹவாயிலிருந்து ஜப்பானிய, கொரியக் கூலித் தொழிலாளிகள் அமெரிக்காவின் பெருநிலத்துக்கு வரக் கூடாது என்று ஆணை போட்டது அது. அதற்குமுந்தைய ஆண்டு டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள் என்று 167 கறுப்பினப் படைவீரர்களை நீதிமன்ற விசாரணையே இல்லாமல் வேலையைவிட்டு நீக்கியதும் அதுதான். அது தவறு என்று ராணுவம் திருத்திக்கொண்டது 1972-ல். அதற்குள் அநேகமாக எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. 2012-ல் ஒபாமா, சிறுவயதில் ஆவணமில்லாமல் கொண்டுவரப்பட்டவர்களை நாடுகடத்தாமல் நிறுத்திவைத்தபோது, "நாங்கள் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், காங்கிரஸைக் கேட்காமல் இவர் யார்" என்று குதித்தார்கள். 2015-ல் அதே அரசு, ஹெச்1பி வேலை விசாவில் வந்தவர்களோடு ஹெச்4 விசாவில் வந்த மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி தந்தபோது, "காங்கிரஸை நம்பியிருந்தால் நடக்குமா" என்று கேசரி கிண்டினார்கள். நானும் இரண்டு கரண்டி சாப்பிட்டேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: முடியும், நிறையவே. யாருடைய நுழைவையும் நிறுத்திவைக்க 1952 குடியேற்றச் சட்டமே அதிபருக்கு இடம் கொடுக்கிறது, 2018-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை ஒப்புக்கொண்டது. 2025 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, புது ஹெச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவிப்பு வந்தது. பழைய விசாக்காரர்களுக்கு இல்லை என்று மறுநாள் விளக்கம் வருவதற்குள், ஊருக்குப் போனவர்கள் அவசர அவசரமாக டிக்கெட் எடுத்தார்கள். அதனால் ஒப்புதல் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா முத்திரை) பாக்கி இருக்கும்போது கல்யாணம் காதுகுத்து என்று கிளம்பாதீர்கள். என் தங்கை கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அவள் இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்தபோது கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துவிட்டு, "இதுக்கு யாருடா பட்டா வாங்கினது?" என்றாள். கேமரன் என்பவர் சுரங்க உரிமை என்று சொல்லி, கீழே இறங்கும் பாதையில் ஆளுக்கு ஒரு டாலர் சுங்கம் வசூலித்த கதையைச் சொன்னேன். 1908-ல் ரூஸ்வெல்ட் அங்கே எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தேசியச் சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் இடமாக, அறிவித்தார். அவர் பிடித்துக்கொண்ட சட்டம் "தேவையான மிகக் குறைந்த பரப்பு" என்றுதான் சொல்கிறது! கேமரன் வழக்காடி 1920-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தாளு பாவம்தான்" என்றாள்.

டிசம்பரில் வருவதாக இருந்தால் எழுதுங்கள், உங்களையும் கூட்டிப்போகிறேன். அரிசோனா பாலைவனம் என்று நினைத்துச் சட்டையோடு வந்துவிடாதீர்கள். கேன்யனின் தென்விளிம்பு 7,000 அடி உயரம், பனி கொட்டும்.