ஒரு மங்கல் திட்டு – கடிதம்

வணக்கம் ஐயா,

வானத்தைப் பற்றி நீங்கள் சென்ற ஆண்டு எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த ஆசை வந்தது. ஓய்வு பெற்ற வங்கி ஊழியன், வயது 61. திருச்சியில் சொந்த வீடு. மொட்டை மாடி இருக்கிறது. ஆறு மாதம் யோசித்து ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கினேன். நிலவைக் காட்டினேன், சனியின் வளையத்தைக் காட்டினேன், பேரப்பிள்ளைகள் குதித்தார்கள். ஜனவரியில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைத் தேடத் தொடங்கினேன். மூன்றாம் இரவு கிடைத்தது. கண்ணாடியில் யாரோ விரலால் தேய்த்துவிட்டுப் போனதுபோல் ஒரு சாம்பல் நிறத் திட்டு, அவ்வளவுதான். இன்னும் பெரிதாகப் பார்க்கலாம் என்று 10 மி.மீ. ஐபீஸுடன் (கண்ணருகே வைக்கும் வில்லை) பார்லோ லென்ஸையும் சேர்த்தேன், இருந்ததும் போய்விட்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கா இத்தனை ரூபாய்?" என்றாள்.

இணையத்தில் வரும் படங்களில் சுருள் கரங்களும் நீலமும் பொன்னிறமும் தெரிகின்றனவே, அவை பொய்யா? கேமரா வாங்கினால் எனக்கும் அப்படிக் கிடைக்குமா, எதை வாங்கலாம்? ஹப்பிள், ஜேம்ஸ் வெப் போன்ற தொலைநோக்கிகள் விண்வெளியில் இருக்கும்போது நாம் மாடியில் நின்று என்னதான் காணப்போகிறோம்?

க., திருச்சி

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்திலேயே கூர்மையான கேள்வி உங்கள் மனைவி கேட்டதுதான். ஆனால் அதற்கு முதலிலேயே பதில் சொல்ல முடியாது. பார்லோவிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் தொலைநோக்கியின் குவியத் தூரம் அநேகமாக 1200 மி.மீ. இருக்கும். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 120 மடங்கு, அதை இரட்டிப்பாக்கும் பார்லோவும் சேர்ந்தால் 240 மடங்கு. அந்த உருப்பெருக்கத்தில் வானத்தில் உங்களுக்குத் தெரியும் வட்டம் நிலவின் பாதி அகலத்துக்கும் குறைவு. ஆண்ட்ரோமெடாவோ ஏறத்தாழ மூன்று டிகிரி, அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. யானையின் விலாவில் கன்னத்தை வைத்துக்கொண்டு யானையைத் தேடியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, கடைக்காரர்கள் யாரும் சொல்லாதது. தொலைநோக்கி நட்சத்திரத்தைப் பிரகாசமாக்கும். பரந்து கிடக்கும் ஒளியைப் பிரகாசமாக்காது. கேலக்ஸி போன்ற ஒரு பொருளின் பரப்பு, எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும், வெறுங்கண்ணுக்கு இருக்கும் பிரகாசத்தைத் தாண்டுவதில்லை. பெரிதாகும், அவ்வளவே. பெரிதாக்கிக்கொண்டே போனால் மங்கவும் செய்யும். ஒரு கரண்டி மாவுதான் இருக்கிறது. கல்லில் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவுக்குத் தோசை மெலியும். திருச்சி வானத்தின் விளக்கொளி அந்த மெல்லிய தோசையைவிடப் பிரகாசமாக இருப்பதால் நடுப்பகுதி மட்டும் திட்டாக மிஞ்சுகிறது.

ஆகவே உருப்பெருக்கம் குறைந்த 25 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள். அல்லது தொலைநோக்கியை உள்ளே வைத்துவிட்டு ஒரு 10x50 பைனாகுலரை எடுத்துக்கொண்டு, நிலவில்லாத இரவில் பச்சைமலைப் பக்கம் போங்கள். கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிடுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்; வந்த செய்தி ஒன்றை ஒரு முறை திறந்து பார்த்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விழித்திரையின் நடுவில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லை, அவை சுற்றுப்புறத்தில்தான் இருக்கின்றன. அதனால் நேராகப் பார்த்தால் மறையும் கேலக்ஸி, பக்கத்தில் வேறெதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்தால் தெரியும். கடைக்கண் பார்வையைத் தெய்வத்திடம் கேட்டே பழகிவிட்டோம். இங்கே அதை நாம்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செல்களுக்கு நிறம் தெரியாது என்பதால்தான் எல்லாமே சாம்பல். உங்கள் கண்ணிலோ கருவியிலோ குறையில்லை.

இனி, படங்கள் பொய்யா என்ற கேள்வி.

கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதியில் விழுந்ததைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. கேமரா சேமிக்கும். நீங்கள் ஐந்து நிமிடம் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்துப் பொறாமைப்பட்ட படத்தை எடுத்த கேமரா ஐந்து மணி நேரமோ ஐம்பது மணி நேரமோ கண் கொட்டாமல் பார்த்திருக்கிறது. நடுவில் பொன்னிறம் இருப்பது உண்மை. அங்கே வயதான நட்சத்திரங்கள் அதிகம். கரங்களில் நீலம் இருப்பதும் உண்மை. இளம் சூடான நட்சத்திரங்களின் ஒளி அது. ஆங்காங்கே இளஞ்சிவப்புப் பொட்டுகள் ஹைட்ரஜன் வாயு. எடுத்தவர் நிறத்தைக் கொஞ்சம் தூக்கியிருப்பார். அதைப் பொய் என்றால் உப்புப் போட்டுச் சமைப்பதும் பொய்தான். ஆனால் இப்போது செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்குகிறேன் என்று, கேமரா பார்த்தேயிராத நுணுக்கங்களைச் சில மென்பொருள்கள் வரைந்து கொடுக்கின்றன. அது எனக்குப் பிடிப்பதில்லை. அதற்கு இரவெல்லாம் பனியில் நிற்பானேன்?

உங்கள் திட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964-இல் எழுதிய நட்சத்திர நூலில் அதைச் "சிறு மேகம்" என்றுதான் குறித்தார். அவருக்குத் தெரிந்ததும் உங்களுக்குத் தெரிந்ததும் ஒன்றே. 1845-இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு, ஆறு அடி விட்டமுள்ள கண்ணாடியைக் கட்டி, எம்51 என்ற வேறொரு கேலக்ஸியில் சுருளைக் கண்டார். கண்டதைக் கையால்தான் வரைந்தார். ஆண்ட்ரோமெடாவின் சுருள் அமைப்பைக் காட்டியது 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் மணிக்கணக்காக ஒளியைச் சேர்த்து எடுத்த புகைப்படம். ராபர்ட்ஸ் நம்மைப் போன்றவர்தான், கட்டுமானத் தொழில் செய்து சம்பாதித்த வேல்ஸ்காரர், வானியல் அவருடைய பொழுதுபோக்கு. வேடிக்கை என்னவென்றால் படத்தை எடுத்த அவரே அது ஏதோ ஒரு புதிய சூரியக் குடும்பம் உருவாகும் காட்சி என்று நினைத்தார்.

அந்தத் திட்டு நம் பால்வெளிக்கு வெளியே இருக்கிறது என்று தெரிய 1923 அக்டோபர் வரை ஆயிற்று. மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹப்பிள் எடுத்த ஒரு கண்ணாடித் தகட்டில், நோவா (திடீரென்று ஒளிரும் நட்சத்திரம்) என்பதற்கு அடையாளமாக 'என்' என்று முதலில் எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு 'மாறும் நட்சத்திரம்!' என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறார். அந்த வகை நட்சத்திரத்தின் துடிப்புக்கும் ஒளிக்கும் உள்ள கணக்கை ஹென்ரியெட்டா லெவிட் என்ற வானியலாளர் ஏற்கெனவே 1912-இல் கொடுத்திருந்தார். உண்மையான ஒளி தெரிந்தால், நமக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். ஹப்பிளுக்குக் கிடைத்த தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டுகள். அது குறைவு. இன்றைய கணக்கு ஏறத்தாழ 25 லட்சம். உங்கள் மனைவி எட்டிப் பார்த்தது அவ்வளவு பழைய ஒளியை. அந்த ஒளி கிளம்பியபோது நம் இனமே இல்லை. இதைச் சொல்லிவிட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் "இதற்கா?" என்றால் என்னிடம் வேறு பதில் இல்லை.

கேமரா விஷயம். இந்த ஆண்டு எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. டாப்சோனியன் வானத்தோடு சேர்ந்து சுற்றாது; கேலக்ஸிகளைப் படமெடுக்க அது ஏற்றதல்ல. அதை வடிவமைத்த ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த மடத்தில் துறவியாக இருந்தவர். பிற்பாடு நடைபாதையில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வானத்தைக் காட்டியவர். அவருடைய கருவியும் அப்படித்தான், காட்டுவதற்கானது.

பிள்ளைகள் வைத்திருக்கும் டிஎஸ்எல்ஆர் எதுவும் வீட்டில் இருக்கிறதா? அதுவும் 50 மி.மீ. லென்ஸும் முக்காலியும் போதும், ஆண்ட்ரோமெடாவை எடுத்துவிடலாம். நான்கு நொடிக்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடத் தொடங்கும். அதனால் நான்கு நொடிப் படங்களாக முந்நூறு எடுங்கள். மொத்தம் இருபது நிமிட ஒளி. சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றை நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரமாகப் பொருத்தி ஒன்றாக்கும். நூறு படங்களைச் சேர்த்தால் படத்தின் தெளிவு பத்து மடங்கு கூடும். அதை இருபது மடங்காக்க இருநூறு போதாது, நானூறு வேண்டும். இந்தக் கணக்கு எப்போதும் நமக்கு எதிராகவே இருக்கும். லென்ஸை மூடிக்கொண்டு அதே நான்கு நொடியில் இருபது முப்பது கறுப்புப் படங்களும் எடுத்து வையுங்கள். சென்சாரின் சொந்தக் குறைகளைக் கழிக்க அவை உதவும். முதல் படத்தில் ஒரு சாய்ந்த நீள்வட்டம் வரும். நடுவில் வெளிச்சமும் பக்கத்தில் எம்32 என்ற சிறு துணைக் கேலக்ஸியும் தெரிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால் வானத்தைத் தொடர்ந்து சுற்றும் சிறு ட்ராக்கர் வாங்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவிகளெல்லாம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நினைத்துச் செய்யப்படுகின்றன. அவற்றின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது. திருச்சியில் 11 டிகிரிகூட இல்லை. அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதை மறைத்துவிடும். நான் முதலில் வாங்கிய தாங்கியை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தபோது எதிர்எடை முக்காலியின் காலில் போய் இடித்தது. முன்காலை உயர்த்தி, அடியில் செங்கல் வைத்து, ஒரு வருடம் ஓட்டினேன். வாங்குவதற்கு முன் எத்தனை டிகிரி வரை தாழும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சிறு தானியங்கித் தொலைநோக்கிகள் வந்திருக்கின்றன. கைப்பேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடி, தானே படங்களைச் சேர்த்துத் திரையில் காட்டும். ஒரு வருடம் செங்கல்லோடு போராடியவன் என்ற முறையில் எனக்கு அவற்றின் மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனால் நகரத்து மாடியில் முழங்கால் வலியோடு நிற்பவருக்கு அது நல்ல கருவி என்பதை மறுக்க முடியவில்லை.

பருவத்தைச் சொல்லாமல் விட்டால் வேறெதுவும் பயன்படாது. ஆண்ட்ரோமெடா மாலை வானில் உச்சத்துக்கு வருவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை நம் தலைமேல் கொட்டும் அதே நாட்களில்! வெளிநாட்டு வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு நவம்பருக்காகக் காத்திருந்து குடைக்குள் நின்றவர்களில் நானும் ஒருவன். நமக்குக் கிடைப்பது தை மாதம், இருட்டிய உடனே, வடமேற்கில். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து அமையும் பெரிய சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாவினால் வந்துவிடலாம்.

இழப்பை ஈடுகட்டச் சித்திரை இருக்கிறது. கன்னிக் கூட்டம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் மொய்க்கும் ஒரு பகுதி, சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவில். ஏப்ரல் நடுவில் இரவு பதினோரு மணிக்கு அது தமிழ்நாட்டில் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அதன் நடுவில் இருக்கும் எம்87, 2019-இல் முதன்முதலாகக் கருந்துளையின் நிழலைப் படமெடுத்தார்களே, அதே கேலக்ஸி, ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையத்தின் உச்சிவழியாகவே ஏறக்குறையக் கடந்து போகிறது. காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாகப் பார்க்கும் வாய்ப்பு இது. டாப்சோனியனை நேர் உச்சிக்குத் திருப்புவது மட்டும் பெரும்பாடு. அரை மணி நேரம் முன்னோ பின்னோ பாருங்கள். தெற்கே சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸியும் அதே பருவத்தில் நன்றாக உயரும். லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை.

கடைசிக் கேள்வி, மாடியில் நின்று என்ன காண்போம் என்பது. 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில், பூட்டுத் தொழில் செய்யும் விக்டர் பூசோ தன் வீட்டு மாடியிலிருந்து புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற கேலக்ஸியைத் தொடர்ந்து எடுத்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. வெடிப்பின் அதிர்வலை நட்சத்திரத்தின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் கணம் அவருடைய படங்களில் பதிந்திருந்தது. 2018-இல் நேச்சர் அறிவியல் இதழில் கட்டுரையாக வந்தது. ஆண்ட்ரோமெடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் நூறு வருடத்துக்கும் மேலாகப் படமெடுத்த கேலக்ஸி. அதன் பக்கத்தில் ஆக்சிஜன் ஒளியில் மின்னும் ஒரு நீண்ட வளைவு இருப்பதை 2022-இல் மூன்று அமெச்சூர்கள் கண்டார்கள். பெரிய தொலைநோக்கிகள் வானத்தில் மிகச் சிறிய துண்டைத்தான் பார்க்கும். ஒரே இடத்தை அந்த ஒரு நிறத்தில் இரவுக்கணக்காக அகலமாகப் பார்க்க அவற்றுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். அந்த வளைவு ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்ததா, நம் பால்வெளிக்குள்ளேயே முன்னால் இருப்பதா என்று முதலில் தெரியவில்லை; பின்னர் வந்த ஆய்வுகள் பால்வெளிக்குள் இருப்பதாகவே காட்டுகின்றன.

ஆனால் உங்களுக்கும் எனக்கும் அப்படி எதுவும் நடக்க வேண்டியதில்லை. சித்திரையில் எம்87-ஐப் பிடித்துவிட்டு, படமெடுக்காமல், வரைந்து அனுப்புங்கள். ஒரு வட்டம் போட்டு, நட்சத்திரங்களைப் புள்ளியாக வைத்து, நடுவில் திட்டை விரலால் தேய்த்தால் போதும். நீங்கள் கடிதத்தில் சொன்ன அதே விரல் தேய்ப்புதான். அரை மணி நேரம் உட்கார்ந்து வரையும்போது, முதல் ஐந்து நிமிடத்தில் இல்லாதது ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். பென்சில் 4பி எடுங்கள், ஹெச்பி வேண்டாம். இரவின் ஈரத்தில் காகிதம் கிழிந்துவிடும்.